ஜெனரலின் மூன்றாவது பட்டன்

ஜெனரல் கையில் வாட்ச் கட்டியிருந்தார்!

பார்த்த மாத்திரத்தில் படத்தின் உடை டிசைனருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

இந்தப் படத்தில் வரும் யுத்தத்தில் எந்தச் சிப்பாயும் மணிக்கட்டில் கடிகாரம் கட்டியதில்லை. ஜெனரலே ஆனாலும் கோட்டுப் பைக்குள் சங்கிலி கோத்த கடிகாரம்தான். அதற்கென்று தனிப் பை வைத்து, சங்கிலி நுழையத் துளையும் வைத்துத் தைத்திருந்தார்கள். அத்தனை பாடுபட்டுத் தைத்த கோட்டுக்குக் கீழே இப்போது பளபளவென்று ஒரு ஸ்டீல் வாட்ச்!

"யாருடா அது... பொம்மைக்கு வாட்ச் கட்டி விளையாடுறது?"



அந்தப் பெரிய கூடத்தில் அவளையும் பொம்மைகளையும் தவிர வேறு யாருமில்லை. ஒரு காலத்தில் தானியக் கிடங்காக இருந்த இடம். தகரக் கூரைக்குக் கீழே ஆளுயரப் பொம்மைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் முதுகுப் பக்கம் ஓர் இரும்புக் கம்பியோடு வாரால் கட்டப்பட்டிருந்தது. உடம்பில் முழு யூனிஃபார்ம், கையில் வெள்ளைக் கையுறை, காலில் பூட்ஸ். லாரியில் போகும்போது தூசி படக் கூடாதென்று தலைக்கு வெள்ளைத் துணிப் பை, அதன் மேல் தொப்பி.

ஜெனரல் கடைசி வரிசையில், சுவரை ஒட்டி நின்றார். முழங்காலுக்குக் கீழே தொங்கும் நீலக் கோட்டு. மார்பில் இரண்டு வரிசைப் பித்தளைப் பட்டன்.

வாசலில் லாரி ஹாரன் அடித்தது.

"இருய்யா... உயிரை வாங்காத!"

கத்திக்கொண்டே ஜெனரலின் இடது கையைப் பிடித்தாள். வாட்சைக் கழற்ற விரலை உள்ளே விட்டாள்.

ஜில்லென்று இருந்தது.

ஃபைபர் பொம்மையும் காலை நேரத்தில் ஜில்லென்றுதான் இருக்கும். ஆனால்... ஃபைபருக்கு ரோமம் முளைக்காது!

எட்டி, ஜெனரலின் தொப்பியைத் தட்டிவிட்டு, துணிப் பையை உருவினாள்.

பாதி திறந்த கண்களோடு ஒரு மனித முகம் அவளையே பார்த்தது!

"வீல்ல்ல்...!"

தகரக் கூரை அதிர்ந்தது. புறாக்கள் படபடத்துப் பறந்தன.

தையல் அறையிலிருந்து கழுத்தில் இஞ்ச் டேப்போடு மாஸ்டர் ஓடி வந்தார். அவள் கணவர். துணி வெட்டுவதில் இந்த யூனிட்டுக்கே தலை அவர்தான். லாரிப் பக்கமிருந்து அவள் தம்பி ஓடி வந்தான். ஷூட்டிங் நடக்கும் இடத்தில் நடிகர்களுக்கு உடை மாட்டிவிடுவதும், கிழிந்ததை அங்கேயே தைத்துத் தருவதும் அவன் பொறுப்பு.

"அக்கா... என்னாச்சு?"

அவள் விரலை மட்டும் நீட்டினாள்.

மாஸ்டரின் முகம் வெளுத்தது.

"இது... நம்ம மியூசியம் இல்ல?"

---

இன்ஸ்பெக்டர் ஒல்லியாக இருந்தார். மீசை அவரைவிடக் கனமாக இருந்தது. காக்கிச் சட்டையின் இடது பாக்கெட் பட்டன் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நிலைமையிலும் டிசைனரின் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பட்டன்தான். அது ஒரு வியாதி. மருந்து கிடையாது.

"செத்தவர் யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பழைய மிலிட்டரி சாமான் சேகரிக்கிறவர் சார். எங்க ஆளுங்க மியூசியம்னு கூப்பிடுவாங்க. ஜெனரல் நெசமாவே போட்டிருந்த கோட்டு இவர்கிட்ட இருந்துச்சு. அதை இரவல் வாங்கி, அளவெடுத்து, அதே மாதிரி தைச்சோம்."

"ஒண்ணா?"

"மூணு. சுத்தமா ஒண்ணு, சேறு பூசி ஒண்ணு, குண்டு பட்டு ஓட்டையான மாதிரி ஒண்ணு. சினிமாவுல ஒரு ஆள் சாகணும்னா மூணு கோட்டு வேணும் சார்."

இன்ஸ்பெக்டர் பிணத்தைப் பார்த்தார்.

"நெசத்துல ஒண்ணே போதும் போலிருக்கு. சரி, இரவல் கோட்டு என்னாச்சு?"

"போன வாரமே திருப்பி அனுப்பிட்டோம்."

"அப்புறம் எதுக்கு இவர் நேத்து இங்க வந்தாரு?"

டிசைனர் வாயைத் திறப்பதற்குள் வாட்ச்மேன் முந்திக்கொண்டான். இப்படி ஒரு நாளுக்காகவே பிறந்தவன் மாதிரி முன்னால் வந்து நின்றான்.

"மாஸ்டர்கூட சண்டை போட சார்! சாயங்காலம் வந்து, 'நீங்க திருப்பி அனுப்பினது என் கோட்டே இல்ல, நீங்க தைச்ச டூப்ளிகேட்டு'ன்னு கத்தினாரு. மாஸ்டருக்குக் கோவம் வந்துடுச்சு. 'என்னைத் திருடன்னு சொன்ன வாயை இஸ்திரி போட்டுத் தேச்சிடுவேன்'னாரு சார்!"



அதே நேரத்தில் ஒரு கான்ஸ்டபிள் உள்ளேயிருந்து வந்தார். கையில் கைக்குட்டை. கைக்குட்டைக்குள் கனமான பழைய இரும்பு இஸ்திரிப் பெட்டி.

"சார்... துணி வெட்டுற மேஜைக்கு அடியில கிடந்துச்சு."

பெட்டியின் கூர்முனையில் கருஞ்சிவப்பாக ஏதோ உலர்ந்திருந்தது.

"யாரோடது?"

யாரும் சொல்லத் தேவையில்லை. பெட்டியின் மரப்பிடியில் மாஸ்டர் சுற்றிவைத்திருந்தது, தன் பழைய இஞ்ச் டேப்பின் மிச்சத் துண்டு!

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"மாஸ்டர்... தேச்சிட்டீங்களா?"

"சத்தியமா இல்ல சார்! கோவத்துல ஒரு வார்த்தை வந்துடுச்சு. சொல்லிட்டு உள்ள போய் மெஷின்ல உக்காந்துட்டேன். அவர் போயிட்டார்னுதான் நெனச்சேன். வேலை முடிஞ்சதும் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

"மிரட்டினது நீங்க. பெட்டி உங்களோடது. கடைசியாப் பூட்டிட்டுப் போனதும் நீங்க. எனக்குன்னு ஒரு வேலைகூட மிச்சம் வைக்கலையே!"

"சார்...!" டிசைனர் குறுக்கே வந்தாள். "துணியை ஒரு நூல் கோணலா வெட்டிட்டாலே சாப்பிட மாட்டார் சார் இவர். ஒரு ஆளைக் கொல்லுவாரா?"

"கோணலா வெட்டலையேம்மா. நேரா பின்மண்டையில ஒரே அடி."

தம்பி அவள் தோளைப் பிடித்தான்.

"அக்கா... அழாத. நல்ல வக்கீலாப் பாக்கலாம். மாமாவை வெளிய கொண்டு வந்துடலாம்."

அவளுடைய செல்போன் அலறியது. ஷூட்டிங் இடத்திலிருந்து மேனேஜர்.

"மேடம்! லாரி எங்க? இங்க ஒரு பட்டாளமே பனியனோட நிக்குது! எதிரி யாரு, நம்மாளு யாருன்னே தெரியல!"

கட் செய்தாள்.

எதிரி யார், நம் ஆள் யார் என்று அவளுக்கும் தெரியவில்லை.

---

"சார், அந்தக் கோட்டை ஒரு தடவை பாக்கணும்."

"எதுக்கு?"

"என் வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போகப் போறீங்க. எனக்குத் தெரிஞ்சது துணி ஒண்ணுதான். அதையாவது பாத்துக்கறேனே."

இன்ஸ்பெக்டர் யோசித்தார். போட்டோகிராபர் வேலையை முடித்துவிட்டார். டாக்டர் இன்னும் வரவில்லை. மாஸ்டர் எங்கும் ஓடப்போவதில்லை.

"பாருங்க. அதிகம் தொடாதீங்க."

பிணம் இன்னும் கம்பியோடு கட்டப்பட்டே நின்றது. விறைத்துப் போயிருந்ததால் ஜெனரல் மாதிரியே நின்றது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்திலிருந்து கண்ணைக் கீழே இறக்கினாள்.

முதல் பட்டன். இரண்டாவது பட்டன். மூன்றாவது...

நின்றாள்.

"சார்... இந்தப் பட்டனை யாரோ புதுசா தைச்சிருக்காங்க!"

"எப்படிச் சொல்றீங்க?"

"நூலைப் பாருங்க. எங்க நூல் எல்லாம் டீத்தூள் தண்ணில ஊறப் போட்டது. பழுப்பா, பழசு மாதிரி இருக்கும். இந்த ஒரு பட்டன்ல மட்டும் நூல் மினுமினுங்குது. நேத்து மத்தியானம் நானே செக் பண்ணேன். அப்ப இப்படி இல்ல."

"அப்ப... கொலை பண்ணிட்டு, ஊசி நூல் எடுத்து, பிணத்துக்குப் பட்டன் தைச்சுட்டுப் போயிருக்கானா?"

"ஆமா சார்."

"எதுக்கு?"

"எனக்காக."

இன்ஸ்பெக்டரின் மீசை ஒரு பக்கமாக உயர்ந்தது.

"பட்டன் இல்லாம ஒரு பொம்மையும் இந்தக் கூடத்தைத் தாண்டிப் போகாது சார். நான் விட மாட்டேன். ஆளோட மூஞ்சியை மறந்தாலும் மறப்பேன், பட்டனை மறக்க மாட்டேன். அது இங்க எல்லாருக்கும் தெரியும். ஒண்ணு குறைஞ்சிருந்தாலும் நேரா அந்தப் பொம்மைகிட்டதான் போய் நின்னிருப்பேன். இப்ப லாரி வந்து நிக்குது. நான் சும்மா ஒரு நடை நடந்து பாத்துட்டு அனுப்பிட்டா, பொம்மையோட பொம்மையா பிணமும் வெளிய போயிருக்கும்!"

"அடேங்கப்பா!" இன்ஸ்பெக்டர் விசிலடிக்காத குறை. "ஆக, கொலைகாரனுக்கு உங்க குணம் நல்லாத் தெரியும்."

"தெரியும் சார்."

"ஊசி பிடிக்கவும் தெரியும்."

"தெரியும்..."

"பெட்டி எங்க இருக்கும்னு தெரியும். இது எல்லாம் தெரிஞ்சவர் யாரு? உங்க வீட்டுக்காரர்! ரொம்ப தேங்க்ஸ்ம்மா. கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சு. அதையும் தீர்த்து வெச்சுட்டீங்க."



புருஷனைக் காப்பாற்ற வாயைத் திறந்து, அவர் கழுத்துக்கே சுருக்கு மாட்டிவிட்டாள்!

"விலங்கை எடுத்துட்டு வாய்யா" என்று கான்ஸ்டபிளிடம் சொல்லிவிட்டு, டாக்டரைத் துரிதப்படுத்தப் போனோடு ஜன்னல் பக்கம் நகர்ந்தார் இன்ஸ்பெக்டர்.

அவள் மறுபடி அந்தப் பட்டனைப் பார்த்தாள். பட்டனுக்குப் பின்னால் துணி ஏன் இப்படி விறைப்பாக இருக்கிறது?

இரண்டு பட்டன்களுக்கு நடுவே விரலை நுழைத்தாள். கோட்டுக்கும் உள்சட்டைக்கும் நடுவே ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தாள்.

வந்தது.

ஒரு சின்ன நீல அட்டைத் துண்டு. அதன் நடுவில் ஊசி குத்திய புள்ளிகள்.

டிசைனர் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

மேஜையில் உட்கார்ந்து பட்டன் தைக்கிறவனுக்கு அட்டை தேவையில்லை. உடம்பில் மாட்டியிருக்கும்போதே தைக்கிறவனுக்குத்தான் தேவை. கேமரா தயாராக இருக்கும். டைரக்டர் கத்திக்கொண்டிருப்பார். நடிகரின் பட்டன் தெறித்து விழும். கோட்டைக் கழற்ற நேரமிருக்காது. அப்போது துணிக்குப் பின்னால் ஓர் அட்டையைச் செருகிக்கொண்டு நின்றபடியே தைப்பார்கள். ஊசி நடிகரின் மார்பைக் குத்தாது. உள்சட்டையும் தையலில் மாட்டாது.

மாஸ்டருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. 'கழட்டிக் குடு, மேஜையில வெச்சுத் தைக்கறேன்' என்பார். ராஜாவே வந்து நின்றாலும் கழற்றித்தான் கொடுக்க வேண்டும்.

அட்டை வைத்துத் தைக்கிறவன்... ஊசிப் பாக்கெட்டின் நீல அட்டையைக் கத்தரித்து எப்போதும் இடுப்புப் பையில் வைத்திருக்கிறவன்...

செத்தவனுக்கு ஊசி குத்திவிடக் கூடாதென்று அட்டை வைத்துத் தைத்திருக்கிறான்! மூளை கொலை செய்திருக்கிறது, கை வேலையைப் பார்த்திருக்கிறது.

டிசைனர் அட்டையை உள்ளங்கைக்குள் வைத்து இறுக்கி மூடிக்கொண்டாள்.

யாரும் பார்க்கவில்லை.

மூடிய கையைத் திறக்காவிட்டால் புருஷன் ஜெயிலுக்குப் போவார். திறந்தால் தம்பி போவான். அம்மா போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. முதன்முதலில் அவன் கையில் ஊசியைக் கொடுத்து நூல் கோக்கக் கற்றுக் கொடுத்ததே அவள்தான். 'ஆர்ட்டிஸ்ட்டைக் குத்திடாதடா, நம்ம மானம் போயிடும்' என்று சொல்லிச் சொல்லி வளர்த்ததும் அவள்தான்.

அங்கே மாஸ்டர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். அளவெடுக்கக் கையை நீட்டச் சொன்னால் நிற்பது மாதிரி பணிவாக நின்றார்.

ஒருவேளை வேறு யாராவது அட்டை வைத்திருந்தால்? தம்பியைப் பார்த்துப் பழகிய யாராவது?

தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"சார்... உங்க பாக்கெட் பட்டன் தொங்குது."

போனை முடித்துக்கொண்டு வந்த இன்ஸ்பெக்டர் முறைத்தார்.

"கொலை நடந்த எடத்துல இதுவாம்மா இப்ப முக்கியம்?"

"வாசல்ல டிவிக்காரங்க வந்து இறங்கறாங்க சார். பட்டன் இல்லாம நிப்பீங்களா?"

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கை தானாக மீசைக்குப் போனது.

"சீக்கிரம்."

"தம்பி... சாருக்கு அந்தப் பட்டனைத் தைச்சு விடு. சட்டையைக் கழட்ட வேணாம்."

"இப்பவா அக்கா?"

"இப்பதான்."

தம்பி வந்தான். இடுப்புப் பையின் ஜிப்பைத் திறந்தான். ஊசி எடுத்தான். நூலை நாக்கில் ஈரப்படுத்தி ஒரே முயற்சியில் கோத்தான். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

'குத்திடுடா' என்று உள்ளுக்குள் கதறினாள் டிசைனர். 'சாருக்கு ரத்தமே வந்தாலும் பரவாயில்ல. குத்திடு. அட்டை மட்டும் வெச்சுடாத...'

"பாத்துய்யா" என்றார் இன்ஸ்பெக்டர். "குத்திடப் போற."

தம்பி சிரித்தான். தொழிலைப் பற்றிப் பேசினால் மட்டும் வருகிற சிரிப்பு.

"இத்தனை வருஷத்துல ஒரு ஆர்ட்டிஸ்ட்டைக்கூட குத்தினது இல்ல சார்."

அவனுடைய இடது கை பைக்குள் போனது...

வெளியே வந்தது.

விரல்களுக்கு நடுவே ஒரு நீல அட்டை!

பழகிய வேகத்தில் பாக்கெட்டுக்குள் அதைச் செருகினான். ஊசியை இறக்கினான்.

டிசைனரிடமிருந்து ஒரு கேவல் வெடித்தது. மூடியிருந்த கையைத் திறந்து நீட்டினாள்.

"சார்... அவன் வெச்ச அட்டையையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. இது... அந்தப் பட்டனுக்குப் பின்னாடி, பிணத்து மேல இருந்துச்சு."

தம்பியின் கை சட்டென்று இடுப்புப் பையைத் துழாவியது. அங்கே இருக்க வேண்டிய ஒன்று இல்லை என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தவன் போல் துழாவியது.

அந்தத் துழாவலே போதுமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பாக்கெட்டிலிருந்து அட்டையை உருவி, இரண்டையும் சேர்த்து வைத்தார். ஒரே அட்டையில் கத்தரித்த இரண்டு துண்டுகள். வெட்டு விளிம்புகள் பல்லோடு பல்லாகப் பொருந்தின!

---

"மாப்ள... நீயா?" மாஸ்டரின் குரல் கம்மியது.

தம்பி தலையைக் குனிந்தான்.

"சொல்லுய்யா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒரிஜினல் கோட்டை வாங்கிக்க வெளிநாட்டு ஆள் ஒருத்தர் ரெடியா இருந்தார் சார். அவர் சொன்ன விலைக்கு ஒரு வீடே வாங்கலாம். மாமா தைச்ச சுத்தமான கோட்டைப் பெட்டியில வெச்சு மியூசியத்துக்கு அனுப்பிட்டேன். ஒரிஜினலை இங்க ஜெனரல் பொம்மைக்கு மாட்டிட்டேன். அக்காவே பாத்துட்டு டிக் போட்டாங்க. இன்னிக்கு லாரில போனா, அங்க வெச்சுக் கை மாத்தறதா பேச்சு."

"ஆனா, பெரியவர் கண்டுபிடிச்சுட்டார்."

"மாமாகிட்ட சண்டை போட்டுட்டு அவர் போகல சார். ஒவ்வொரு பொம்மையாத் தடவிப் பாத்துக்கிட்டே வந்தார். ஜெனரல்கிட்ட வந்ததும் 'இதான் என் கோட்டு'ன்னு கழட்டி மாட்டிக்கிட்டார். கழட்ட மாட்டேன்னு ஒரே பிடிவாதம். போலீஸைக் கூப்பிடப் போறேன்னு போனை எடுத்தார். நான் கோட்டைப் பிடிச்சு இழுத்தேன். பட்டன் கையோட வந்துடுச்சு. அவர் வாசலைப் பாத்துத் திரும்பினார். பக்கத்துல பெட்டி இருந்துச்சு... உள்ள மாமா மெஷின் ஓட்டிட்டிருந்தார். சத்தம் கேக்கல."

"அப்புறம் பூட்ஸ், கையுறை எல்லாம் மாட்டி நிக்க வெச்ச."

"ஆமா சார். நிஜப் பொம்மையைச் சாயத்தொட்டிக்குப் பின்னாடி போட்டுட்டு, மாமா பூட்டிட்டுப் போனப்புறம் பின்வாசல் வழியாப் போயிட்டேன்."

"வாட்சை மறந்துட்ட."

"கோட்டுக் கை மூடியிருந்துச்சு சார்... உடம்பு விறைச்சதும் மேல ஏறிடுச்சு போல."

டிசைனர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனருகில் வந்தாள்.

"ஒண்ணு சொல்லுடா. உடம்பு லாரியில போயிடும், அங்க எறக்கி மறைச்சுடலாம்னுதானே திட்டம்? அப்புறம் எதுக்குப் பெட்டியைக் கழுவாம, மாமா மேஜைக்கு அடியில கொண்டு போய் வெச்ச?"

அவன் இடுப்புப் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"ஒருவேளை மாட்டினா மாமா மாட்டட்டும்னுதானே?"

"அக்கா..."

பளார்!

ஜெனரலும் அவர் படையும் பார்த்துக்கொண்டிருக்க, கூடத்தில் அந்த அறை எதிரொலித்தது. கையைத் திறந்தது சரியா தவறா என்று அதுவரை அவளுக்குள் இருந்த தவிப்பு அந்த ஓர் அடியோடு ஓய்ந்தது. அவள் போய்க் கணவரின் பக்கத்தில் நின்றுகொண்டாள். மாஸ்டருக்கு நீட்டிய விலங்கு தம்பியின் கைக்கு மாறியது.

டாக்டர் வந்து சேர்ந்தார். வாரை அவிழ்த்து உடலைக் கிடத்தினார்கள்.

"கோட்டைப் பாத்துக் கழட்டுங்கய்யா" என்று இன்ஸ்பெக்டர் பதறினார். "செத்தவர் மேல இருக்கறதுதான் ஒரிஜினலாம். ஒரு நூல் பிரிஞ்சாலும் நாம நம்ம வீட்டை வித்தாலும் கட்ட முடியாது."

கான்ஸ்டபிள் பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல் கோட்டைத் தூக்கினார். அடுத்த விநாடி அலறினார்.

"சார்! உள்ள இருந்து யாரோ பாக்கறாங்க!"

"என்னய்யா உளர்ற?"

"காலருக்குள்ள ஒரு கண்ணு சார்!"

எல்லாரும் குனிந்தார்கள். பின்மண்டையில் விழுந்த அடி காலரிலும் பட்டு, அதன் தையல் விட்டிருந்தது. விறைப்புக்காக உள்ளே வைத்த தடித்த துணி எட்டிப் பார்த்தது. அந்தத் துணியில்... மை தீட்டிய ஒரு பெரிய பெண் கண்! மேலே வில்லாக வளைந்த அரைப் புருவம். ஓரத்தில் பெயின்ட் பிசிறு.

மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பார்த்தார். மறுபடி பார்த்தார். நின்ற இடத்திலேயே பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க... என்னங்க?" டிசைனர் பதறினாள்.

"இந்தக் கண்ணை எனக்குத் தெரியும்மா."

"என்னது?"

"நான் தொழில் கத்துக்கிட்ட புதுசுல ஒரு சண்டைப் படத்துக்குக் கோட்டு தைச்சோம். விடிஞ்சா ஷூட்டிங். காலருக்கு வைக்கக் கெட்டித் துணி தீர்ந்து போச்சு. தியேட்டருக்குப் பின்னாடி கழட்டிப் போட்டிருந்த பேனரை வெட்டி உள்ள வெச்சுத் தைச்சேன். கதாநாயகியோட மூஞ்சி நாலஞ்சு காலருக்குள்ள போச்சு. இது... நான் தைச்சது!"

கூடத்தில் குண்டூசி விழுந்தாலும் கேட்டிருக்கும். அங்கே குண்டூசிக்கும் பஞ்சமில்லை.

"படம் முடிஞ்சதும் துணியெல்லாம் பழைய துணிக்காரனுக்கு எடைக்குப் போட்டாங்க. அங்கிருந்து எவனோ எடுத்து, ஜெனரல் கோட்டுன்னு கதை கட்டி அந்த மனுஷன் தலையில கட்டியிருக்கான்."

"அளவெடுக்கறப்ப உங்களுக்கே தெரியலையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தையலைப் பிரிக்கக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டாரே சார்! வெளிய இருந்து பாத்துட்டு, 'அந்தக் காலத்துத் தையல்காரன் கை வருமா'ன்னு நானே வியந்து வியந்து பேசினேன்..."

மாஸ்டர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நடுவழியில் அழுகையாக மாறியது. டிசைனர் அவர் தலையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

விலங்கோடு நின்ற தம்பி அந்தக் கண்ணையே வெறித்தான்.

"அப்போ... இதுக்காகவா நான்..."

முடிக்க முடியவில்லை.

இன்னொரு கான்ஸ்டபிள் பேனாவைத் திறந்துகொண்டு இன்ஸ்பெக்டரிடம் வந்தார்.

"சார்... இந்தக் கோட்டை என்னன்னு எழுதறது? ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?"

இன்ஸ்பெக்டர் பாதி தைத்த பாக்கெட்டிலிருந்து தொங்கிய ஊசியை ஜாக்கிரதையாகப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"டூப்ளிகேட்னே எழுதுய்யா. இந்தக் கட்டடத்துலயே ஒரிஜினல்னு பாத்தா... கொலை ஒண்ணுதான்!"